நம்பிக்கைத் தெரு, பதினான்காம் எண்

ஒரெஸ்தே ஓடிக்கொண்டிருந்தார்.

வலது கையில் ஒரு முழ நீளப் பலகை. பலகையில் அழைப்பு மணி ஒன்று திருகப்பட்டிருந்தது. மணிக்குக் கீழே பித்தளைத் தகட்டில் ‘ஒ. ஸான்கீனி’ என்று பெயர். பலகையின் முதுகில் பாட்டரி. ஓடுகிற ஓட்டத்தில் விரல் பட்டு ‘டிர்ர்ர்’ என்று மணி அடிக்க, மீன் சந்தையில் மத்தி மீன் கழுவிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் யார் வீட்டுக் கதவு என்று திரும்பிப் பார்த்தார்கள்.

அறுபத்து மூன்று வயதில் ஒரு மனிதர் இப்படி ஓட இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, பின்னால் நாய். இரண்டு, முன்னால் அரசாங்கம்.

ஒரெஸ்தேயின் விஷயத்தில் இரண்டாவது. காலை எட்டு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் நடுவே எந்த நிமிடமும் நகராட்சிக் காவலர் அவர் வீட்டைச் சோதிக்க வருவார். வரும்போது ஒரெஸ்தே வீட்டில் இருந்தாக வேண்டும். இப்போது மணி ஏழு ஐம்பத்திரண்டு. வீடு எங்கே இருக்கிறதென்று ஒரெஸ்தேவுக்கு இன்னும் தெரியவில்லை.

“நெரினா! நம்பிக்கைத் தெரு எங்கே இருக்கு?” காபிக் கடை வாசலில் நின்று மூச்சு வாங்கினார்.

நெரினா கல்லாவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினாள். சான் வெரானோ துறைமுகத்துக்கு எதிரே முப்பது வருடமாகக் கடை நடத்துகிறவள். கப்பல் கேப்டனையும் மூட்டை தூக்குகிறவனையும் ஒரே குரலில் அதட்டுவாள்.

“நானும் இந்த ஊர்லதான் பொறந்தேன் மேஸ்திரி. அப்படி ஒரு தெருவைக் கேள்விப்பட்டதே இல்ல. யாரு இருக்கா அங்க?”

“நான்தான் இருக்கேன்.”

நெரினா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கேட்காமலேயே ஒரு காபியை ஊற்றி முன்னால் வைத்தாள். “முதல்ல இதைக் குடிங்க. அப்புறம் உங்க வீட்டைத் தேடலாம்.”

நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் ஒரெஸ்தே. அந்த ஊரில் உயிரோடு மேலே போன எல்லோரும் அவர் தயவில் போனவர்கள்தான். ஒரு நாள் கம்பெனியை மூடினார்கள். அடுத்த மாதமே, இருபத்திரண்டு வருடம் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர், கோடையில் கடல் பார்க்க வரும் ஜெர்மன்காரர்களுக்கு அதை நாள் வாடகைக்கு விடப்போவதாகச் சொல்லி, மிகவும் வருத்தப்பட்டு, பெட்டியைக் கீழே இறக்க ஒரு கை கொடுக்கவும் செய்தார். அது நடந்து பதினோரு மாதம். அந்தப் பதினோரு மாதமும் ஒரெஸ்தே இரவில் எங்கே படுத்தார் என்பது அவருக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். இப்போதைக்கு நாம் அதைக் கிளற வேண்டாம்.

நாம் பார்க்க வேண்டியது வேறொரு வீடு. தோல் பதனிடுவோர் தெருவில், ஒன்பதாம் எண் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், நகராட்சிக்குச் சொந்தமாக ஒன்று காலியாகக் கிடந்தது. ஒன்றரை அறை, ஒரு சமையல் மேடை. ஜன்னலில் கொஞ்சம் எட்டிப் பார்த்தால், இரண்டு கூரைகளுக்கு நடுவே ஒரு கை அகலத்துக்குக் கடல். வீடற்றவர் ஒருவருக்கு அதைக் கொடுப்பதாக நகராட்சி அறிவித்திருந்தது. மாதத்தின் கடைசி வெள்ளி, நண்பகல் பன்னிரண்டோடு கெடு முடிகிறது. தேவையான சான்றுகள் இரண்டே இரண்டு. விண்ணப்பிப்பவர் இந்த ஊரில் குடியிருக்கிறார் என்று ஒன்று. அவருக்குக் குடியிருக்க இடமில்லை என்று இன்னொன்று.

வீடில்லாதவர் குடியிருப்பை எப்படி நிரூபிப்பார்? அப்படிக் கேட்பவர்களுக்கு நகராட்சி மூன்று வருடத்துக்கு முன்பே பதில் வைத்திருந்தது. வீடற்றவர்களுக்கும் முகவரி தர வேண்டும் என்று தலைநகரத்துச் சட்டம் சொன்னது. முகவரி என்றால் தெரு வேண்டும். தெரு என்றால் நிலம் வேண்டும், கல் வேண்டும், டெண்டர் வேண்டும். நகராட்சி யோசித்தது. பிறகு கணினியில் ஒரு தெருவைத் தட்டச்சு செய்தது. பெயர், நம்பிக்கைத் தெரு. இன்றைய தேதியில் இருநூற்றுப் பதின்மூன்று பேர் அங்கே குடியிருக்கிறார்கள். ஒருவரும் அதைப் பார்த்ததில்லை.

அதுவரைக்கும் சரி. ஆனால் யார் எந்த முகவரியைப் பதிந்தாலும், காவலர் நேரில் போய் ஆள் வீட்டில் இருப்பதைப் பார்த்து எழுத வேண்டும் என்று இன்னொரு பழைய சட்டம் இருந்தது. ‘தெரு இருந்தால் மட்டும்’ என்று அதில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. மூன்று முறை வருவார்கள். மூன்று முறையும் ஆள் வீட்டில் இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார்கள்.

எட்டு இருபதுக்குக் காவலர் மராங்கோனி காபிக் கடைக்குள் நுழைந்தார். வெள்ளைத் தொப்பி, கையில் விரித்த ஊர் வரைபடம். ஓய்வு பெற நான்கு மாதம். முப்பத்தைந்து வருட வேலையில் ஒரு படிவத்தைக்கூடப் பாதியில் விட்டதில்லை.

“அம்மா, நம்பிக்கைத் தெரு எந்தப் பக்கம்?”

நெரினா கட்டை விரலால் ஒரெஸ்தேயைக் காட்டினாள். “இவரு அந்தத் தெருக்காரர்தான். இவரும் அதைத்தான் தேடறார். சேர்ந்து தேடுங்க.”

மராங்கோனியின் முகம் மாறியது. “ஸான்கீனி சார்? பதினாலாம் நம்பர்? நீங்க இப்போ வீட்ல இருக்கீங்களா, வெளியில இருக்கீங்களா?”

“காபிக் கடைல இருக்கேன் சார்.”

“அப்படின்னா வெளியில. நான் உங்களைப் பார்க்கல, நீங்களும் என்னைப் பார்க்கல. வீட்டுக்குப் போங்க. பத்து நிமிஷம் கழிச்சு வர்றேன்.”

“வீடு எங்கே இருக்குன்னு நீங்க சொன்னீங்கன்னா…”

“முன்கூட்டியே சொன்னா அதுக்குப் பேரு சோதனை இல்ல சார்.”

ஒரெஸ்தே பலகையோடு பாய்ந்தார். மீன் சந்தைக்குப் பின்னால் பெயரில்லாத ஒரு சந்து. அதில் ஜன்னலில்லாத ஒரு சுவர். பலகையைச் சுவரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்து நிமிடம் கழித்து, உலகத்தில் வேறெங்கும் அவரைப் பார்த்திராத முகத்தோடு மராங்கோனி வந்து சேர்ந்தார். சந்தின் ஒரு முனையிலிருந்து பதினான்கு அடி அளந்தார்.

“இரட்டைப்படை நம்பர் வலது பக்கம் வரணும் சார்.”

ஒரெஸ்தே எதிர்ச் சுவருக்கு மாறினார். மராங்கோனி மணியை அழுத்தினார். டிர்ர்ர்.

“வாங்க சார்.”

“அப்படி இல்ல. உள்ளேர்ந்து ‘யாரது’ன்னு கேட்கணும். படிவத்துல ஏழாவது கேள்வி. ‘மணி அடித்ததும் உள்ளிருந்து பதில் வந்ததா?’”

“உள்ளேன்னு ஒண்ணு இல்லையே சார்.”

“அது எட்டாவது கேள்வி.”

ஒரெஸ்தே பலகைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு, “யாரது?” என்றார். மராங்கோனி தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். நியாயமாக இருக்க விரும்புகிறவர் என்பதால் இன்னொரு முறையும் அடித்துப் பார்த்தார். பிறகு வருத்தத்தோடு எழுதினார்: ‘மணி உண்டு. பெயர் உண்டு. ஆள் உண்டு. உள் இல்லை.’

“இது முதல் வருகை. இன்னும் ரெண்டு இருக்கு, மனசை விட்டுடாதீங்க.” இரண்டடி போனவர் திரும்பினார். “மணி பிரமாதம் சார். என் வீட்டு மணி தும்மற மாதிரி இருக்கும்.”

மறுநாள் காலை நகராட்சியின் குடிப்பதிவு ஜன்னல் திறந்ததும் அங்கே நின்றவர் ஒரெஸ்தே. கையில் முதலாம் எண் சீட்டு.

“இன்னிக்கும் நீங்கதான் முதல் ஆளா!” ஜன்னலுக்குப் பின்னால் லொரெதானா கண்ணாடியைத் துடைத்தபடி வியந்தாள். இருபது வருடமாக அந்த ஜன்னலில் இருப்பவள். மனசு நல்ல மனசு. ஆனால் அதை ஜன்னல் வழியாக வெளியே கொடுக்க அவளுக்கு அதிகாரமில்லை. “வாசக் கதவைத் திறக்கறதே நான்தான். எனக்கு முன்னாடி எப்படி வர்றீங்க?”

“சீக்கிரம் எழுந்து பழக்கம்மா.”

“லிஃப்ட்லயா வந்தீங்க? பயமில்லாம? பராமரிப்பு டெண்டர் ஒரு வருஷமா தூங்குது, எந்த மெக்கானிக்கும் எட்டிப் பார்க்கல. ஆனா பாருங்க, ஒரு நாள் நின்னதில்ல. எல்லாம் புனித அந்தோனியார் புண்ணியம்.”

ஒரெஸ்தே அடக்கமாகத் தலை குனிந்தார். புனிதர்களைப் பற்றிப் பேசும்போது குனிவது அவர் வழக்கம்.

“அம்மா, நம்பிக்கைத் தெரு உண்மையில எங்கதான் இருக்கு?”

லொரெதானா ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினாள். “சட்டப்படி பார்த்தா அந்தத் தெருவோட இருப்பிடம் இந்த நகராட்சிக் கட்டடம்தான். ஆனா இங்க வசிக்க முடியாது. ஆறு மணிக்குப் பூட்டிடுவோம்.”

“அப்போ நான் எங்க வசிக்கறது?”

“நம்பிக்கைத் தெருவுலதான்.” சொன்ன வேகத்தில் மேசைக்கு அடியில் குனிந்தாள். “அட, மறந்தே போச்சு. பதினாலாம் நம்பருக்கு நாலு குப்பைத் தொட்டி ஒதுக்கியிருக்கு. பழுப்பு சமையல் குப்பைக்கு, நீலம் காகிதத்துக்கு, மஞ்சள் பிளாஸ்டிக்குக்கு, சாம்பல் மத்ததுக்கு. வீட்டு வாசல்ல வைங்க. தெருவை அடைச்சு வைக்கக் கூடாது, அக்கம்பக்கத்துல புகார் வரும்.”

நான்கு தொட்டிகளையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு இழுத்துக்கொண்டு போனார் ஒரெஸ்தே. வேறு வாசல் இல்லாததால் நெரினாவின் கடைக்குப் பின்புறம் வைத்தார். பத்தாவது நாள் தொட்டி மூடியில் ஓர் ஓலை ஒட்டியிருந்தது. ‘தங்கள் தொட்டிகள் காலியாக உள்ளன. வாழ்பவரிடம் குப்பை சேரும். குப்பை சேராதவர் வாழ்கிறாரா என்ற ஐயம் எழுந்துள்ளது.’

நெரினா அதை வாங்கி இரண்டு முறை வாசித்தாள். பிறகு காபிச் சக்கையையும் பிழிந்த ஆரஞ்சுத் தோலையும் வாளியோடு கொண்டுவந்து பழுப்புத் தொட்டியில் கவிழ்த்தாள்.

“உங்களுக்கு உயிர் இருக்குன்னு காட்ட என் கடைக் குப்பை வேண்டியிருக்கு பாருங்க மேஸ்திரி. இந்தாங்க, நேத்து மிஞ்சின ரொட்டியும் போடறேன். வசதியா வாழறீங்கன்னு நினைச்சுக்கட்டும்.”

ரொட்டியை மட்டும் ஒரெஸ்தே தொட்டிக்குப் போகும் வழியிலேயே காப்பாற்றிவிட்டார்.

அடுத்த வாரம் தெருவின் மூன்றாம் ஆண்டு விழா. நகராட்சியின் பெரிய மண்டபத்தில் கொண்டாடினார்கள். தெருவின் பெயர்ப்பலகையை எங்கே நடுவது என்று தெரியாததால், நான்கு சக்கரம் வைத்த ஒரு தாங்கியில் பொருத்தி வைத்திருந்தார்கள். விழா எங்கே நடக்கிறதோ அங்கே தெருவைத் தள்ளிக்கொண்டு போய்விடலாம்.

முன்வரிசைகளில் இருநூற்றுப் பதின்மூன்று நாற்காலிகள் தெருவாசிகளுக்காகப் போடப்பட்டிருந்தன. இருநூற்றுப் பன்னிரண்டு காலி. அழைப்பிதழ்களைத் தபாலில், நம்பிக்கைத் தெரு முகவரிக்கு அனுப்பியிருந்தார்கள். ஒரெஸ்தேவுக்கு மட்டும் சேதி எப்படித் தெரிந்தது என்று கேட்க வேண்டாம். அந்தக் கட்டடத்தில் நடப்பது எல்லாமே எப்படியோ அவர் காதுக்கு வந்துவிடும்.

நலத்துறைப் பொறுப்பாளர் ஃபுல்வியா மேடையேறினார். முந்நூறு வருடத்துக்கு முந்தைய பூந்தோட்டங்களைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர். டாக்டரம்மா என்று கூப்பிடாதவர்களுக்கு அவர் காது கேட்காது.

“நண்பர்களே! இந்த நாற்காலிகள் காலியாக இருப்பதைப் பார்த்து நான் நெகிழ்கிறேன்! அவர்கள் ஏன் வரவில்லை? வீட்டை விட்டு வர மனசில்லை! மூன்று வருடத்துக்கு முன் தெருவில் கிடந்தவர்கள், இன்று தெருவில் குடியிருக்கிறார்கள்! வீடற்றவர் யார்? முகவரி இல்லாதவர். சான் வெரானோவில் முகவரி இல்லாதவர் உண்டா? இல்லை! ஆகவே இந்த ஊரில் வீடற்றவர் ஒருவர்கூட இல்லை! நம்பிக்கைத் தெருவைப் பாருங்கள். ஒரு குழி உண்டா? ஒரு சாக்கடை உண்டா? வண்டி நெரிசல் உண்டா? இந்த மாகாணத்திலேயே சுத்தமான தெரு இதுதான். இன்னும் நூறு பேர் வந்தாலும் இடமிருக்கிறது. ஆயிரம் பேர் வந்தாலும் இடமிருக்கிறது! கடந்த ஆண்டு ஸ்டேஷன் பெஞ்சுகளுக்கு நடுவில் இரும்புக் கைப்பிடி வைத்தபோது சிலர் குறை சொன்னார்கள். நான் கேட்கிறேன், சொந்தத் தெரு இருக்கும்போது பெஞ்சு எதற்கு?”

கை தட்டினார்கள். சரியாக அந்த நேரத்தில் மண்டபத்தின் கதவில் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. மராங்கோனி, இரண்டாம் வருகை. தெருவின் பெயர்ப்பலகை எங்கிருக்கிறதோ அங்கேதானே தெரு இருக்க வேண்டும்? மனிதர் கணக்காக யோசித்திருந்தார்.

ஒரெஸ்தேவும் அதையேதான் யோசித்திருந்தார். நாற்காலிக்கு அடியிலிருந்து மணிப் பலகையை உருவி, பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் பதினான்காவது அடியில் போய் நின்றார். மராங்கோனி முகத்தில் முதல் முறையாக ஒரு புன்னகை. படிவத்தை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

“படம் எடுக்கணும், மேயர் அறைக்குத் தள்ளுங்கப்பா!” என்று யாரோ குரல் கொடுத்தார்கள். இரண்டு சேவகர்கள் தாங்கியைப் பிடித்தார்கள். தெரு கிளம்பிவிட்டது.

“சார், நில்லுங்க! அது என் வீடு!” ஒரெஸ்தே பின்னால் ஓடினார். மராங்கோனி அவருக்குப் பின்னால் ஓடினார். தாழ்வாரத்தில் தெரு வளைந்து திரும்பியது. அகலக் கதவு வழியாக மேயர் அறைக்குள் நுழைந்தது. கதவு சாத்திக்கொண்டது. அழைப்பிதழ் இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை.

மராங்கோனி மூச்சிரைத்தபடி, ஒரு வார்த்தையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதினார்: ‘ஆள் இருந்தார். தெரு புறப்பட்டுவிட்டது.’

பாக்கி ஒரே ஒரு வருகை.

கடைசி வெள்ளி. பதினோரு மணிக்கு நான்காம் மாடியில் வீடு ஒதுக்கும் குழு கூட வேண்டும். தலைவர் ஃபுல்வியா. செயலர் லொரெதானா. நேரில் கண்ட சாட்சி மராங்கோனி. வெளியே பெஞ்சில், மடியில் மணிப் பலகையோடு ஒரெஸ்தே. பதினொன்று இருபதுக்குக் கதவு திறந்தது. ஃபுல்வியா கோட் போட்டுக்கொண்டு வந்தார். பின்னால் அவர் பெட்டியைத் தூக்கியபடி மராங்கோனி. அவருக்குப் பின்னால் பதிவேட்டையும் முத்திரைப் பெட்டியையும் அணைத்தபடி லொரெதானா.

“கூட்டம் அடுத்த மாசம். எனக்கு மாகாணத் தலைநகர்ல விருது குடுக்கறாங்க, ‘வீடற்றோர் இல்லாத நகரம்’னு. கார் நிக்குது.”

“டாக்டரம்மா, பன்னண்டு மணியோட கெடு முடியுது. அந்த வீடு?”

“விண்ணப்பம் வரலேன்னா நம்பிக்கைத் தெரு அருங்காட்சியகம் வைக்கலாம்னு இருக்கோம். பாவம், அந்தத் தெருவுக்கும் ஒரு இடம் வேண்டாமா?”

“நான் விண்ணப்பம் குடுத்திருக்கேனே!”

“ரெண்டு சான்றும் இருக்கா?”

“ஒண்ணும் இல்ல.”

“அப்போ அது விண்ணப்பம் இல்ல, கடிதாசி.” ஃபுல்வியா லிஃப்டுக்குள் நுழைந்தார்.

பழைய லிஃப்ட். இரட்டை மரக் கதவு, பித்தளைக் கைப்பிடி, மங்கிய கண்ணாடி, ‘நால்வர் மட்டும்’ என்ற அறிவிப்பு. மூன்று பேர் ஏறினார்கள். நான்காவதாக ஒரெஸ்தே நுழைந்து கதவைச் சாத்தினார். பெட்டியும் பலகையும் போக இடம் போதவில்லை. கதவோடு தோளை ஒட்டிக்கொண்டு நின்றார்.

மூன்றாம் மாடியைத் தாண்டியதும் ‘க்ளக்’. லிஃப்ட் நின்றது.

மணி பதினொன்று இருபத்துநாலு.

ஃபுல்வியா எல்லாப் பட்டன்களையும் அழுத்தினார். பிறகு அபாய மணியை அழுத்தினார். எங்கோ மேலே மணி அடித்தது. ஒரெஸ்தே தூக்கத்தில் எழுப்பப்பட்டவர்போல ஒரு துள்ளு துள்ளி, அடங்கினார்.

“நீங்க லிஃப்ட் மெக்கானிக்தானே? சரி பண்ணுங்களேன்!”

“டெண்டர் இல்லாம நான் தொடக் கூடாதே டாக்டரம்மா. சட்டம்.”

“அது சரிதான்,” என்றார் மராங்கோனி.

ஐந்து நிமிடம் போனது. கைபேசியில் சிக்னல் கோடு ஒன்றும் இல்லை. மராங்கோனி மூன்று முகங்களையும் பார்த்தார், கடைசியாகக் கண்ணாடியில் தன்னையும் பார்த்துக்கொண்டார். “தலைவர் இருக்காங்க. செயலர் இருக்காங்க. சாட்சி நான் இருக்கேன். விண்ணப்பதாரரும் ஆஜர். விதிப்படி பார்த்தா இது கூட்டம்தான்.”

லொரெதானா பதிவேட்டை அவர் முதுகில் வைத்துத் திறந்தாள். “போன கூட்டத்து நடவடிக்கைக் குறிப்பை வாசிக்கட்டுமா?”

வேறு வழியில்லாத இடத்தில் ஃபுல்வியா தலைவராகத்தான் இருப்பார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “திரு. ஸான்கீனி, நேத்து ராத்திரி எங்கே தூங்கினீங்க?”

அதுதான் அந்தக் கேள்வி. இருநூற்றுப் பன்னிரண்டு பேரைச் சாய்த்த கேள்வி. நம்பிக்கைத் தெருவில் என்றால், உங்களுக்குத்தான் வீடு இருக்கிறதே, போய்வாருங்கள். வேறு இடத்தில் என்றால், முகவரி பொய், பெயரை அடித்துவிடுவார்கள், பொய் சொன்னதற்கு வழக்கும் உண்டு.

ஒரெஸ்தே அசையாமல் நின்றார். நெற்றியில் வியர்வை. தோல் பதனிடுவோர் தெருவின் ஜன்னலும், அந்தக் கையகலக் கடலும் கண்ணுக்குள் வந்து போயின. பதினொன்று நாற்பத்திரண்டு.

“சொல்றதைவிடக் காட்டறது நல்லது டாக்டரம்மா. மூணு பேரும் நேர்ல வந்து பார்க்க ஒத்துக்கிட்டதா குறிப்புல எழுதுங்க.”

“எப்படி வர்றது? லிஃப்ட்தான் நிக்குதே!”

“நீங்க கையெழுத்துப் போடுங்க. லிஃப்டை அந்தோனியார் பார்த்துக்குவார்.”

லொரெதானா எழுதினாள். ஃபுல்வியா எரிச்சலோடு கிறுக்கினார். அதைச் சரிபார்க்க ஒரெஸ்தே முன்னால் குனிந்தார். நிமிரும்போது ஒரு பட்டனை அழுத்திப் பார்த்தார்.

லிஃப்ட் கிளம்பியது. மேலே. லொரெதானா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

நான்காம் மாடி. அதற்கு மேலே லிஃப்ட் கிடையாது. ஒரு மூலையில் இரும்புப் படிகள் பதினேழு. ஒரெஸ்தே முன்னால் ஏறினார். உச்சியில் ஒரு இரும்புக் கதவு. அதில் மண்டையோடும் மின்னலும் வரைந்த சிவப்புத் தகடு. பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி. ஒரெஸ்தே மணிப் பலகையை அதில் மாட்டினார். அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது. சட்டைக்குள்ளிருந்து லிஃப்ட் மெக்கானிக்கின் முக்கோணச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார்.

“ஒரு நிமிஷம் சார்.” உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மராங்கோனிக்குப் புரிந்துவிட்டது. தொப்பியை நேராக்கினார். மணியை அழுத்தினார்.

டிர்ர்ர்.

உள்ளே காலடிச் சத்தம். பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து: “யாரது?”

பதினோரு மாதத்தில் ஒரு கதவுக்கு உள்ளேயிருந்து அப்படிக் கேட்க அவருக்கு இதுதான் முதல் வாய்ப்பு.

“நகராட்சி,” என்றார் மராங்கோனி. ஏழாவது கேள்விக்கு நேரே ‘ஆம்’ என்று எழுதினார்.

“வாங்க, உள்ள வாங்க. காலைத் துடைச்சுக்குங்க.”

லிஃப்டின் மோட்டார் அறை. ஆளுயரச் சக்கரம் எண்ணெய் போட்டுப் பளபளத்தது. அதன் ஓரத்தில் மடக்குக் கட்டில், குட்டி அடுப்பு, காபிக் கெட்டில். கம்பியில் துவைத்த சட்டைகள் இரண்டு. சுவரில் குப்பை எடுக்கும் நாட்காட்டி, தவறாமல் டிக் அடித்திருந்தது. தலையணைக்கு மேலே அபாய மணி. அதற்கு ஒரு கம்பளிக் காலுறை மாட்டியிருந்தது.

“இது அத்துமீறல்! இது நம்ம கட்டடம்!” என்று கத்தினார் ஃபுல்வியா.

“நம்பிக்கைத் தெருவோட சட்டப்படி இருப்பிடம்,” என்றாள் லொரெதானா மெதுவாக.

“சொந்த முகவரியில இருக்கறவரை அத்துமீறினவர்னு எழுத இந்தப் படிவத்துல இடமில்ல டாக்டரம்மா,” என்றார் மராங்கோனி. “எழுதினா, ஒரு வருஷம் பராமரிப்பு இல்லாம லிஃப்டை ஓட்டினது யாருன்னும் சேர்த்து எழுதணும்.”

ஃபுல்வியா வாயை மூடினார். இரண்டு விநாடி யோசித்தார். முகம் மலர்ந்தது.

“அப்படின்னா நகராட்சி இவருக்குப் பதினோரு மாசமா இடம் குடுத்திருக்கு! லொரெதானா, ஆண்டறிக்கையில சேருங்க. தங்குமிடம் பெற்றவர், ஒருவர்!”

“அப்போ ரெண்டாவது சான்று?” என்றார் ஒரெஸ்தே. மூன்று நிமிடத்தில் அவருக்கு மறுபடியும் வீடு வந்துவிட்டது.

“‘மனிதர் வசிக்கத் தகுதியான இடமா?’” மராங்கோனி கடைசிக் கேள்வியைச் சத்தமாக வாசித்தார். பிறகு வெளியே போய், சிவப்புத் தகட்டையும் அதே குரலில் வாசித்தார். “‘உயிர் ஆபத்து. மனிதர் நுழையத் தடை. நகராட்சி ஆணை.’ கீழே கையெழுத்து உங்களதுதான் டாக்டரம்மா.”

பதினொன்று ஐம்பத்தேழுக்கு மராங்கோனியின் முதுகில் வைத்து லொரெதானா இரண்டு முத்திரை குத்தினாள். இந்த ஊரில் குடியிருக்கிறார். குடியிருக்க இடமில்லை. தேவாலயத்தில் பன்னிரண்டு அடித்தபோது பட்டியலில் ஒரே ஒரு விண்ணப்பம் இருந்தது.

“மீதி இருநூத்திப் பன்னண்டு பேரு, டாக்டரம்மா?” என்று கேட்டாள் லொரெதானா.

“அவங்களுக்கென்ன? அவங்களுக்குத்தான் வீடு இருக்கே.” ஃபுல்வியா மோட்டார் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

ஒரெஸ்தே ஆணியிலிருந்து மணிப் பலகையைக் கழற்றினார். தோல் பதனிடுவோர் தெருவுக்கு அது வேண்டும். மராங்கோனியும் அவரும் மட்டும் லிஃப்டில் இறங்கினார்கள். பெட்டி சுமந்த களைப்பு. மராங்கோனி பெருமூச்சு விட்டபடி கதவில் முதுகைச் சாய்த்தார்.

க்ளக். லிஃப்ட் நின்றது.

“ஐயையோ, மறுபடியுமா?”

“கதவுலேர்ந்து முதுகை எடுங்க சார். கதவு ஒரு விரல் அசைஞ்சாலும் நின்னுடும். இந்த லிஃப்டுக்கு நாப்பது வருஷமா அதே குணம்.”

மராங்கோனி முதுகை எடுத்தார். ஒரெஸ்தே பட்டனை அழுத்தினார். லிஃப்ட் சமர்த்தாக இறங்கியது.

ஒரு மாடி தூரம் மராங்கோனி யோசித்தார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, ஒரெஸ்தேயின் இடது தோளைப் பார்த்தார். இருபது நிமிடம் விடாமல் அழுத்தி நின்றால் மட்டுமே விழக்கூடிய பித்தளைக் கைப்பிடியின் அச்சு, கோட்டுத் துணியில் இன்னும் ஆழமாகப் பதிந்திருந்தது.